நான்காம் மூலை சரியாக இருக்கிறது

பயண நாள் 1
காலை 06:20

மன்னிக்கவும். இதை எழுத வேண்டிய தேவை எதுவும் இல்லை. 'சோழகம்' கலத்தின் அன்றாடக் குறிப்பைத் தனியாக எழுதித் தரை நிலையத்துக்கு அனுப்பிவிட்டேன். அதில் வெப்பம், மின்சாரம், தண்ணீர், பாய் என்று கட்டங்கள் இருக்கின்றன. கட்டத்துக்குள் அடங்காத ஒன்றிரண்டை எங்காவது எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. யார் நேரத்தையும் வீணாக்குவது நோக்கமல்ல. இது கலத்தின் நினைவகத்திலேயே கிடக்கும், தரைக்குப் போகாது. என்றாவது யாராவது கலத்தைத் திறந்தால் படிக்கலாம். படிக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

என் பெயர் இ. வடிவு. வயது இருபத்தாறு. கலத்தில் நான் மட்டும்தான். இது வெயிலின் தள்ளலில் நகரும் பாய்க்கப்பல். வியாழனுக்கு அருகே சுற்றும் தொடர்பு நிலையத்தைச் சீர்செய்துவிட்டுத் திரும்ப வேண்டும். போய் வரப் பதினோரு ஆண்டு.

நேற்று நிலவுத் துறையிலிருந்து கட்டு அவிழ்த்தார்கள். பாய் முழுக்க விரிந்தது. பாயை விரித்துப் பிடிக்க நான்கு கொம்புகள், நான்கு மூலைகள். வெங்காயச் சருகைவிட மெல்லியது. எங்கள் ஊர் உப்பளத்தில் பாதியை மூடிவிடும் அகலம். முதல் வெளிச்சம் விழுந்தபோது உப்புப் பாத்தியை உச்சிவெயிலில் பார்த்த மாதிரி கண் கூசியது.

வேகம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. ஒளியில் போகும் கப்பல் அப்படித்தான். முதல் சில வாரங்கள் ஊரும், பிறகு நிறுத்த முடியாது. அதனால் வழியில் ஒரு எல்லை குறித்திருக்கிறார்கள். விடைக்கோடு என்று பெயர். அதைத் தாண்டும்வரை பழுது எதுவும் தெரிந்தால், சொன்னால் போதும், நிலவுத் துறையிலிருந்து இழுவைக்கலம் வந்து கூட்டிப்போகும். தாண்டிவிட்டால் அதன் எரிபொருள் போதாது. ஏறக்குறைய ஒரு மாதத்தில் கோடு வரும்.

நிலைமை: எல்லாம் சரி.


பயண நாள் 3
மாலை 17:45

தண்ணீர் வடிப்பான் சரி. மின்கலம் சரி. பாய் சரி. கோழிக்குழம்புப் பொட்டலம் ஒன்றைத் திறந்தேன், சாப்பிட முடியவில்லை. காரணத்தை இங்கேதான் எழுத முடியும்.

இது என் நான்காவது புறப்பாடு.

தூத்துக்குடிக்குத் தெற்கே கீழவிளாகம் என்ற ஊர். எங்கள் தெருவில் எல்லோரும் உப்பளத்து ஆட்கள். பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் முறை தேதி குறித்தபோது தெருமுனையில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். கீழே வரிசையாகத் தெரு ஆண்களின் முகங்கள், என் முகத்தைவிடப் பெரிதாக. புதுப்பெண்ணை விருந்துக்கு அழைப்பதுபோல ஒவ்வொரு வீட்டிலும் கூப்பிட்டுக் கோழி அடித்துப் போட்டார்கள். வேன் பிடித்து விமான நிலையம்வரை வந்து அழுதார்கள். போய்ச் சேர்ந்த மறுநாள், துறையில் இயந்திரக் கோளாறு என்று தள்ளிவைத்துத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டாம் முறை சூரியப் புயல். ஃபிளெக்ஸில் தேதியின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் புதுத் தேதி எழுதியிருந்தார்கள். மறுபடி விருந்து. வேன் இல்லை, ஆட்டோவில் நான்கு பேர் வந்தார்கள். மூன்றாம் முறை பாயின் நான்காம் மூலை உணரி, பாயில் சுருக்கம் என்று கத்தியது. பிரித்துப் பார்த்தால் சுருக்கமே இல்லை. உணரியை மாற்றினார்கள். புது உணரியும் அவ்வப்போது கத்துகிறது. மாற்றி முடிப்பதற்குள் நான் ஊருக்குத் திரும்பியிருந்தேன்.

அன்று பஸ்ஸை விட்டு இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி, அளத்துக் கரை வழியாக நடந்து வந்தேன், யாரும் பார்க்கக் கூடாது என்று. தெருவே வேலை முடிந்து அதே கரையில் எதிரே வந்தது. அடுத்த வீட்டுத் தெய்வானை சித்தி தலைச்சும்மாட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்: "ஏட்டி வடிவு, கோழிக் கொழம்பு திங்கதுக்குத்தான் வந்து வந்து போறியோ?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனால் அப்பா அந்த ஃபிளெக்ஸை ஆட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போட்டிருந்தார். ஆட்டுக்குத் தழை வைக்கப் போகும்போதெல்லாம் என் முகம் என்னைக் குனிந்து பார்த்தது.

நான்காம் முறை யாரும் விருந்துக்குக் கூப்பிடவில்லை. தெரு முழுக்க அளத்தில் இருந்த ஒரு நண்பகலில் கிளம்பினேன். அம்மா மட்டும் வேலையை விட்டுவிட்டு வந்தாள். காலெல்லாம் உப்பு வெள்ளை. "யார்ட்டயும் சொல்லிக்கிடாமப் போ. திரும்பி வந்தாலும் நமக்குள்ள இருக்கட்டும்" என்றாள்.

அம்மாவுக்கும் வெட்கமாகிவிட்டது என்று புரிந்துகொண்டேன். ஆனால் பஸ் கிளம்பும்போது தெய்வானை சித்தி கடை வாசலில் நின்று என்னைப் பார்த்துவிட்டாள். சித்திக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் தெரியும்.

நிலையமும் இந்த முறை பத்திரிகைக்குச் சொல்லவில்லை. கோட்டைத் தாண்டிய பிறகு அறிவித்துக்கொள்ளலாம் என்று முடிவு. அவர்களுக்கும் அவர்களுடைய தெரு இருக்கும்.


பயண நாள் 5
காலை 08:05

நான்காம் மூலை உணரி கத்தியது. நெடுங்கண் கேமராவைத் திருப்பிப் பார்த்தேன்.

இந்த முறை சுருக்கம் இருக்கிறது.

நான்காம் கொம்பின் நுனியில், கம்பி பாயைப் பிடிக்கும் இடத்தில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு மடிப்பு. வெயில் அந்த மடிப்புக்குள் விழுந்து அங்கேயே சுற்றும். சூடு ஏறும். சூடு ஏறினால் பாய் கருகும், கருகினால் கிழியும். இதைப் பாடமாகப் படித்திருக்கிறேன். சுருக்கம் எத்தனை சிறியதானாலும் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் பயணம் ரத்து. விதி அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையிலிருந்து ரோச் சார் குரல் வந்தது. கிளாரன்ஸ் ரோச், பயணக் கட்டுப்பாட்டாளர். மூன்று முறை தள்ளிவைத்தபோதும் தொலைபேசியில் சொல்லாமல், அறைக்குக் கூப்பிட்டு, டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னவர்.

"வடிவு, நாலாவது மூலை பழையபடி கத்துதும்மா. இத நம்ப முடியாது. நீ கண்ணால பாத்துச் சொல்லு, அத எழுதிக்கிறேன்."

நான் அளத்துக் கரையில் நடந்து வருவதுபோலத் தெரிந்தது. எதிரே எல்லோரும் வருகிறார்கள்.

"சரியா இருக்கு சார்" என்றேன்.

"அவ்வளவுதான். வேற யாராவது சொன்னா நான் இன்னொரு தடவை பாக்கச் சொல்லுவேன்" என்றார்.

அன்றாடக் குறிப்பு: பாய், நான்காம் மூலை, சரி.


பயண நாள் 9
இரவு 20:30

நானே சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். சரிசெய்துவிட்டால் பொய் பொய்யாக இருக்காது.

கைச்சக்கரத்தால் நான்காம் கம்பியைக் கொஞ்சம் தளர்த்தி, மெதுவாக மறுபடி இழுத்தேன். சுருக்கம் குறைந்ததுபோல் இருந்தது. உணரியும் அடங்கியது. சந்தோஷத்தில் கோழிக்குழம்பை முழுக்கச் சாப்பிட்டேன்.

மாலையில் மறுபடி பார்த்தபோது, மடிப்பு அதே இடத்தில் இல்லை. பக்கத்தில் இரண்டாகப் பிரிந்திருந்தது. இழுத்ததில் இன்னும் ஆழமாகிவிட்டது. உணரி அடங்கியதற்குக் காரணம், மடிப்பு அதன் பார்வைக்கு வெளியே நகர்ந்துவிட்டது.

இப்போது இதைத் தெரிந்த ஒரே ஆள் நான்.


பயண நாள் 14
மாலை 18:20

கல்லூரி விடுதியில் என் அறை மின்விசிறி ஒருமுறை நின்றுபோனது. சித்திரை மாதம். வார்டனிடம் சொன்னால் ஆள் அனுப்புவார். சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லவில்லை, அதன்பிறகு 'இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை' என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. விடுமுறை வரை துணியை நனைத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினேன். விடுமுறை முடிந்து புதிதாக வந்த அறைத்தோழி சுவிட்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, நேரே போய்ச் சொன்னாள். அரை மணியில் சரியானது. எனக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. கேட்டால் செய்கிறார்கள் என்பது.

இப்போதும் அதே கணக்குத்தான். ஐந்தாம் நாளே சொல்லியிருந்தால் பழுது. இன்று சொன்னால் பழுதும் பொய்யும். நாளைக்குச் சொன்னால் பொய் இன்னும் ஒரு நாள் மூத்திருக்கும்.

ரோச் சார் இன்று பேசும்போது, நிலையத்தில் புதிதாக வந்தவர்களுக்கு என் அன்றாடக் குறிப்புகளைக் காட்டினாராம். இப்படித்தான் சுருக்கமாக, துல்லியமாக எழுத வேண்டும் என்று.

நன்றி சார் என்றேன்.


பயண நாள் 21
காலை 07:15

மடிப்பின் ஓரம் பழுப்பாகிவிட்டது. அடுப்பில் காட்டிய அப்பளத்தின் ஓரம் மாதிரி.

அறிக்கை எழுதினேன். 'நான்காம் மூலையில் சுருக்கம், கருகத் தொடங்கியுள்ளது, இழுவைக்கலம் தேவை.' மூன்று வரி. அனுப்பும் பொத்தானுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, திரும்பிப் போனால் என்னென்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். துறையில் இறங்குவேன். யாரும் திட்ட மாட்டார்கள். ரோச் சார் டீ வாங்கித் தருவார். பஸ் ஏறுவேன். எத்தனை நிறுத்தம் முன்னால் இறங்கினாலும் கடைசியில் தெருவுக்குள் போய்த்தான் ஆக வேண்டும். என் முகம் போட்ட கூரைக்குக் கீழே ஆடு நிற்கும். சித்தி இந்த முறை எதுவும் கேட்காமலும் இருக்கலாம். அது இன்னும் மோசம்.

அறிக்கையை அழித்தேன்.

அழித்த பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோட்டைத் தாண்டினாலும் முற்றிலும் வழியில்லாமல் போகாது. இரண்டு இழுவைக்கலங்கள் சேர்ந்து வந்து, ஒன்று மற்றதற்கு எரிபொருள் கொடுத்தால் இன்னும் கொஞ்ச தூரம் வர முடியும். அப்படி யாரும் செய்ததில்லை. விதியில் இல்லை. எத்தனையோ பேரின் வேலையைக் கெடுத்து, எனக்காக வா என்று யாராவது கேட்க வேண்டும்.

அப்படிக் கேட்கிற ஆள் நான் இல்லை. கணக்கை மட்டும் வைத்திருக்கிறேன்.


பயண நாள் 29
மாலை 16:00

கோட்டுக்கு முந்தைய கடைசிச் சோதனை. ஒவ்வொரு கருவியாகப் பெயர் சொல்லிக் கேட்டார்கள், நான் சரி, சரி என்றேன். எல்லாம் முடிந்தபின் ரோச் சார் மற்றவர்களைத் தொடர்பிலிருந்து விலகச் சொன்னது கேட்டது.

"வடிவு, இப்ப நான் மட்டும்தான் இருக்கேன். உடம்பு, மனசு, கப்பல், எதுல என்ன குறை இருந்தாலும் இன்னைக்குச் சொல்லிரு. நாளைக்கு மேல என்னால ஆகாது. நாலு தடவை தள்ளிப்போட்டவங்க நாங்க, அஞ்சாவது தடவைன்னு உன்னை யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்."

குரல் போய்ச் சேர ஒரு சில வினாடி ஆகும். அந்த இடைவெளியில் நான் பேசவில்லை என்பதும் அவருக்குத் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

அவருக்கு எண்ணிக்கை பிசகிவிட்டது. மூன்று முறைதான் தள்ளிப்போட்டார்கள். அதைத் திருத்தலாமா என்று யோசித்தேன். திருத்தியிருந்தால் பேச்சு தொடர்ந்திருக்கும். தொடர்ந்திருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

"எல்லாம் சரிதான் சார்."

"நல்லது. போயிட்டு வாம்மா."

கேமராவைத் திருப்பவில்லை. பார்க்காமலே தெரியும்.


பயண நாள் 30
காலை 09:40

விடைக்கோடு தாண்டியாயிற்று. கோடு என்று வெளியே எதுவும் இல்லை. திரையில் ஒரு எண் நிறம் மாறியது.

நிலையத்தில் கைதட்டினார்கள். பிறகு வீட்டிலிருந்து வந்த பதிவு ஒன்றை அனுப்பினார்கள். வீட்டாரின் குரலைக் கோட்டைத் தாண்டிய பிறகே கொடுப்பது வழக்கம். முன்னால் கொடுத்தால் மனம் தளர்ந்துவிடும் என்று. நான் கிளம்பிய வாரத்திலேயே ரோச் சார் ஆள் அனுப்பிப் பதிவு செய்திருக்கிறார். அம்மாவுக்கு அந்தக் கருவியில் எவ்வளவு சத்தமாகப் பேச வேண்டும் என்று தெரியவில்லை. அளத்தில் கூப்பிடுவதுபோலப் பேசினாள். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"வடிவு, அம்மா பேசுதேன். இதுல பேசுனா உனக்குக் கேக்கும்னு அந்தத் தம்பி சொல்லுதாவ. சாப்பிட்டியா? நீ போனத நான் யார்ட்டயும் சொல்லல. தெய்வானைக்கு மட்டும் தெரியும், அவ கடையில நின்னு பாத்துட்டா. அவதான் சொன்னா, வாயத் தெறக்காதக்கா, நாலு பேரு கேக்கப்போய்த்தான் பிள்ள கூசிக் கூசி நடக்கு, நான் வேற கேலி பேசித் தொலச்சிட்டேன்னு. தெருவுல கேட்டா நீ மெட்ராஸ்ல ஆஸ்டல்ல இருக்கன்னு ரெண்டு பேரும் ஒண்ணு போலச் சொல்லுதோம். அவ ஒரு கோழிய அடிக்காம வச்சிருக்கா. நீ வந்தாத்தான் அடிப்பாளாம். அது முட்டையும் போட மாட்டேங்கு, சும்மா திங்குது. உனக்கு அங்க முடியலன்னா வந்துரு, என்ன? நீ போனதே யாருக்கும் தெரியாது. வந்தா யாருக்குத் தெரியப்போவுது. வச்சிரட்டுமா?"

நாலைந்து முறை கேட்டேன்.

நான் எந்தத் தெருவுக்குப் பயந்து இங்கே உட்கார்ந்திருக்கிறேனோ, அந்தத் தெருவுக்கு நான் கிளம்பியதே இன்றுவரை தெரியாது.


பயண நாள் 31
பகல் 11:10

நான்காம் மூலை கிழிந்தது.

சத்தம் இல்லை. இங்கே எதற்கும் சத்தம் இல்லை. கலம் லேசாகத் தலையைத் திருப்பியது, அவ்வளவுதான். கேமராவில் பார்த்தால், கருகிய ஓரத்திலிருந்து நடுவரை ஒரே கோடாகப் போயிருக்கிறது. நான்காம் கொம்பு பிடிப்பில்லாமல் ஆடுகிறது.

மற்ற மூன்று கம்பிகளையும் தளர்த்திப் பாயைச் சுருட்டத் தொடங்கினேன். வேகம் கூடாமல் இருந்தால் கோட்டிலிருந்து அதிக தூரம் போக மாட்டேன். பாதி சுருண்டது. மிச்சம் கிழிசலில் சிக்கி நின்றுவிட்டது.

தரைக்கு உண்மையைச் சொல்ல உட்கார்ந்தேன். எங்கிருந்து தொடங்குவது என்று எழுதி எழுதி அழித்தேன். முதலில் மன்னிப்பா, முதலில் சேதமா. நல்ல வாக்கியமாக அமைய வேண்டும் என்று பார்த்தேன். அந்த நேரத்தில்கூட.

நான் அனுப்புவதற்குள் கிழிந்த பாய் சுழன்று வந்து, தரையோடு பேச உதவும் பெரிய அலைவாங்கியின்மேல் படிந்துவிட்டது.


பயண நாள் 32
நேரம் பார்க்கவில்லை

சிறிய அலைவாங்கியில் தரையின் குரல் விட்டுவிட்டு வருகிறது. நான் பேசுவது போகிறதா என்று தெரியவில்லை.

"வடிவு, ரோச் பேசுறேன். உன் பாய் எங்களுக்குத் தொலைநோக்கில கோணலாத் தெரியுது. என்ன ஆச்சு. உன் சத்தம் இங்க விழல. பேசிக்கிட்டே இரும்மா, எதையாவது பேசு, பிடிச்சிருவோம்."

பேசிக்கொண்டே இருக்கச் சொல்கிறார். என்னைப் போய்.

பேசுகிறேன். பேசுவதை இங்கேயும் எழுதுகிறேன், குரல் போகாவிட்டால் எழுத்தாவது இருக்கட்டும். நான்காம் மூலையில் ஐந்தாம் நாளே சுருக்கம் இருந்தது. நான் பார்த்தேன். சரி என்று சொன்னேன். பாய் செய்தவர்கள்மேல், மடித்தவர்கள்மேல், ரோச் சார்மேல் தவறில்லை. அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் நான் சரி என்றேன்.

கருவிகள் நிலை. தண்ணீர் நன்றாக இருக்கிறது. காற்று இருக்கிறது. உணவு பதினோரு ஆண்டுக்கானது. மின்கலம் குறைகிறது, கலம் திரும்பியதில் மின்தகடுகள் வெயிலைப் பார்க்கவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டேன். குளிர்கிறது. எழுத்துக்களில் பிழை இருந்தால்


மறுபடி

கொஞ்சம் தூங்கிவிட்டேன். மன்னிக்கவும்.

ரோச் சார் குரல் இப்போது வரவில்லை. அலைவரிசையைத் திறந்தே வைத்திருக்கிறேன். இருபத்தொன்றாம் நாள் போட்ட கணக்கைத் திரும்பப் போட்டேன். இரண்டு இழுவைக்கலங்கள். ஒன்று எரிபொருளுக்கு, ஒன்று எனக்கு. பாய் பாதி சுருண்டதால் இன்னும் சில நாள் எட்டும் தூரத்தில்தான் இருப்பேன். கணக்கு சரியாக வருகிறது. கேட்க ஒரு ஆள்தான் வேண்டும்.

உண்மையை எல்லாம் சொல்லியாயிற்று, இதை மட்டும் விட்டுவைத்திருந்தேன். தப்புச் செய்துவிட்டு எப்படிக் கேட்பது என்று இருந்தது. இரண்டு கலத்தில் ஆட்கள் வர வேண்டும். அவர்களுக்கும் வீடு இருக்கும், அவர்கள் வீட்டிலும் வழியனுப்ப வேண்டியிருக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இதைப் படிப்பது யாராக இருந்தாலும், எப்போதாக இருந்தாலும்.

ரோச் சார், கேக்குதா?

வடிவு பேசுறேன் சார்.

நாலாவது மூலை சரியா இல்ல சார். எனக்கு முடியல. என்னை வந்து கூட்டிட்டுப் போங்க.